முதிர்ச்சியும் ஊழியமும்: எது முந்தியது?

ஓய்வுநாள் பள்ளிக்கு ஆசிரியர் தேவை என்று சபையில் அறிவிப்பு வந்தால் போதும், ஒரு பழைய வழக்கு புதிதாய்த் தொடங்கும். “அந்தத் தம்பி இப்போதுதானே ஆண்டவரை ஏற்றுக்கொண்டான், கொஞ்ச நாள் போகட்டும்” என்பார் ஒரு மூப்பர். “பொறுப்பைக் கொடுத்தால்தானே ஐயா வளருவான்?” என்பார் மற்றவர். இருவர் கையிலும் வேதாகமம் இருக்கும். இருவருக்கும் வசனமும் இருக்கும். பெரும்பாலும் வழக்கு தீர்வதில்லை. ஆள் கிடைக்காத அவசரம்தான் அதை முடித்துவைக்கும்.

இந்தச் சிறிய வழக்குக்குள் கிறிஸ்தவ வரலாறு முழுவதும் ஓடிவரும் ஒரு கேள்வி இருக்கிறது. ஆவிக்குரிய முதிர்ச்சி அடைந்த பிறகு ஊழியத்துக்கு வர வேண்டுமா, ஊழியத்தின் வழியாகத்தான் முதிர்ச்சி வருமா? அப்போஸ்தலர் காலம் தொட்டு அண்மைக்கால ஆய்வுகள் வரை இதற்குக் கிடைத்திருக்கும் விடைகளை இக்கட்டுரை வரிசையாகப் பார்க்கிறது. பார்த்துவரும்போது கேள்வியே கொஞ்சம் இடம் மாறுகிறது. எது முந்தியது என்பதைவிட, ஊழியம் செய்கிறவரை யார் திருத்த முடியும், அவர் யாரோடு பந்தியில் உட்காருகிறார் என்ற இரண்டுமே முதிர்ச்சியைக் காட்டிக்கொடுக்கின்றன.

வேதாகமத்தில் இரண்டு வரிசைகள்

காத்திருக்கச் சொல்கிறவர்களுக்குப் புதிய ஏற்பாட்டில் வலுவான ஆதாரம் உண்டு. கண்காணி புதிதாய்ச் சேர்ந்தவராக இருக்கக்கூடாது, இருந்தால் பெருமையில் விழுவார் என்று 1 தீமோத்தேயு மூன்றாம் அதிகாரம் எச்சரிக்கிறது. ஒருவர்மேலும் அவசரப்பட்டுக் கை வைக்காதே என்று அதே நிருபம் மறுபடியும் சொல்கிறது. போதகர் ஆக ஆசைப்படுவோர் பெருகவேண்டாம் என்கிறார் யாக்கோபு, அவர்களுக்குத் தீர்ப்பு கடுமையாயிருக்கும் என்பதால்.

மறுபக்கத்துக்கும் ஆதாரம் குறைவில்லை. எபேசியர் நான்காம் அதிகாரத்தில் போதகர்களும் மேய்ப்பர்களும் கொடுக்கப்பட்டிருப்பது விசுவாசிகள் எல்லாரையும் ஊழியத்துக்கு ஆயத்தப்படுத்துவதற்காக. அந்த ஊழியத்தால் சரீரம் கட்டப்படுகிறது; அதன் முடிவில்தான் பூரண வளர்ச்சி வருகிறது. மாற்கு ஆறாம் அதிகாரத்தில் சீஷர்கள் இரண்டிரண்டு பேராக அனுப்பப்படுகிறார்கள். அவர்கள் எல்லாம் புரிந்துகொண்டு போகவில்லை. திரும்பிவந்து அப்பம் பங்கிட்ட பிறகும் அவர்கள் இருதயம் கடினமாகவே இருந்தது என்று அதே அதிகாரம் மறைக்காமல் எழுதுகிறது. எபிரெயர் ஐந்தாம் அதிகாரத்தின் கண்டிப்பு இன்னும் நேரடியானது: இத்தனை காலத்துக்குள் பிறருக்குப் போதிக்க வேண்டியவர்கள் இன்னும் பால்குடி நிலையில் இருக்கிறார்கள். நன்மை தீமையைப் பகுத்தறியும் திறன் பழக்கத்தால் வருவதென்றும் அது சொல்கிறது.

கண்காணிப் பொறுப்புக்குக் காலம் வேண்டும், சேவைக்குக் காத்திருப்பு வேண்டாம் என்று பிரித்தால் பாதிச் சிக்கல் தீரும். மீதிப் பாதியைக் கிளப்புவது கொரிந்து. அந்தச் சபைக்கு எந்த வரத்திலும் குறைவில்லை என்று பவுல் தொடக்கத்திலேயே ஒப்புக்கொள்கிறார். ஆனாலும் அவர்களைக் குழந்தைகள் என்றே அழைக்கிறார். வரம் இருந்தது, ஊழியம் நடந்தது, முதிர்ச்சி மட்டும் இல்லை. அது இல்லாதது எங்கே வெளிப்பட்டது? ஒன்று, கட்சிப் பிரிவில். இன்னொன்று, கர்த்தருடைய பந்தியில்: இருந்தவர்கள் முன்னதாகவே உண்டு முடிக்க, இல்லாதவர்கள் பசியோடு நின்றார்கள்.

அந்தியோகியாவில் நடந்ததும் பந்தி விவகாரமே. புறஜாதியாரோடு உட்கார்ந்து சாப்பிட்டுவந்த பேதுரு, எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் எழுந்து விலகிக்கொண்டார். சபையின் மூத்த அப்போஸ்தலரை, பின்னால் வந்து சேர்ந்த பவுல் எல்லார் முன்னிலையிலும் கண்டித்தார் என்று கலாத்தியர் இரண்டாம் அதிகாரம் பதிவுசெய்திருக்கிறது. நீண்ட ஊழியம் ஒருவரைத் திருத்தத்துக்கு அப்பாற்பட்டவராக ஆக்குவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான பகுதி இல்லை. அப்பொல்லோ கதை இதன் மறுபுறம். வேதத்தில் வல்லவர், நாவன்மை உள்ளவர். ஆனாலும் அவர் அறிந்தது அரைகுறை. கூடாரத் தொழில் செய்துவந்த பிரிஸ்கில்லாளும் ஆக்கில்லாவும் அவரை மேடையிலிருந்து இறக்கவில்லை; தனியே அழைத்து விளக்கினார்கள். அவரும் கேட்டுக்கொண்டார். பாதிவழியில் திரும்பிப்போன மாற்குவைப் பவுல் ஏற்க மறுத்தார், பர்னபா சேர்த்துக்கொண்டார். கடைசியில் மாற்கு தமக்கு ஊழியத்தில் பயன்படுகிறவர் என்று பவுலே எழுத நேர்ந்தது. மூன்று கதைகளிலும் ஊழியம் முதிர்ச்சிக்குக் காத்திருக்கவில்லை. ஆனால் திருத்த ஒருவர் பக்கத்தில் இருந்தார்.

தனிமையும் கூட்டமும்

முதல் சில நூற்றாண்டுகளில் காத்திருப்பவர் கட்சிக்குப் பெரிய அடையாளம் எகிப்தின் அந்தோணியார். பாழடைந்த ஒரு கோட்டையில் ஏறத்தாழ இருபது ஆண்டு தனித்திருந்தார். அதன் பிறகே வெளியே வந்து மற்றவர்களுக்கு வழிகாட்டினார் என்று அத்தனாசியார் எழுதிய வரலாறு கூறுகிறது. அந்த வரலாற்றைப் படித்துத் துறவு பூண்டவர்கள் எத்தனையோ பேர்.

அதே நான்காம் நூற்றாண்டில் கப்பதோக்கியாவின் பசிலியார் வேறொரு முடிவுக்கு வந்தார். அவரும் துறவிதான், தனிமையை அனுபவித்தவர். ஆனால் துறவிகளுக்காக அவர் வகுத்த ஒழுங்குகளில் தனிமை வாழ்வை இரண்டு காரணம் காட்டி மறுக்கிறார். தனித்திருக்கிறவன் யாருடைய காலைக் கழுவுவான் என்பது ஒன்று. தன் குறையைச் சுட்டிக்காட்ட ஆளில்லாததால் அவன் அதை அறியவே மாட்டான் என்பது மற்றொன்று. முதல் காரணத்தை எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள், இரண்டாவதுதான் ஆழமானது. செசரியா நகருக்கு வெளியே ஏழைகளுக்கும் நோயாளிகளுக்கும் பசிலியார் எழுப்பிய பெரும் இல்லம் இந்த எண்ணத்தின் செயல்வடிவம். தொழுநோயாளிகளுக்கும் அங்கே இடமிருந்தது.

590இல் மனமில்லாமல் போப்பான கிரகோரியார் மேய்ப்பருக்கான கையேடு ஒன்றை எழுதினார். தகுதியின்றிப் பதவிக்கு ஓடுகிறவர்களைக் கடிந்துகொள்ளும் அதே நூல், தகுதியிருந்தும் அமைதியை விரும்பி ஒதுங்குகிறவர்களையும் விடவில்லை. தானே முன்வந்த ஏசாயாவையும் தயங்கிநின்ற எரேமியாவையும் பக்கம் பக்கமாக வைத்து, இரண்டுக்கும் வேர் அன்புதான் என்கிறது. பவுலின் கண்டிப்பைப் பேதுரு ஏற்றுக்கொண்டதை நல்ல தலைவருக்கு முன்மாதிரியாகக் காட்டவும் அவர் தவறவில்லை.

ஸ்பெயினின் அவிலா தெரேசா 1577இல் எழுதிய ‘உள்ளக் கோட்டை’ ஆத்துமாவின் பயணத்தை ஏழு வாசஸ்தலங்களாக விவரிக்கிறது. ஏழாவதை அடைந்தவர் உலகை மறந்து பரவசத்தில் மூழ்கிவிடுவார் என்று எதிர்பார்க்கும் வாசகர் ஏமாறுவார். ஜெபத்தின் பயனே நற்செயல்கள் பிறப்பதுதான் என்று அங்கே அவர் முடிக்கிறார். மார்த்தாளும் மரியாளும் சேர்ந்தே ஆண்டவரை உபசரிக்க வேண்டும் என்கிறார். சொன்னவர் 17 மடங்களை நிறுவ ஊர் ஊராக அலைந்தவர். தம் அனுபவங்களை ஆன்ம குருக்களின் பரிசீலனைக்கு விடாமல் ஒப்புவித்துவந்தவரும்கூட.

ஒரு பென்னிக் காணிக்கையில் பிறந்த முறை

சீர்திருத்த இயக்கம் துறவி என்றும் இல்லறத்தார் என்றும் இருந்த ஏணியைச் சாய்த்தது. விசுவாசிகள் அனைவரும் ஆசாரியர் என்று 1520இல் லூத்தர் எழுதியபோது, செருப்புத் தைப்பதும் பிள்ளை வளர்ப்பதும் அழைப்பாயின. கொள்கை வந்துவிட்டது. சாதாரண விசுவாசியை வளர்க்கும் வழிமுறை வர இன்னும் ஒன்றரை நூற்றாண்டு ஆனது. ஃபிராங்ஃபர்ட்டில் பிலிப் யாக்கோப் ஸ்பேனர் 1670இல் வீட்டில் சிறு கூட்டங்களைத் தொடங்கினார். 1675இல் அதை ஒரு சீர்திருத்தத் திட்டமாகவே எழுதினார். அவர் வழிவந்த ஃபிராங்கே, ஹாலே நகரில் அனாதை இல்லமும் பள்ளிகளும் அமைத்து, பக்தியையும் சேவையையும் ஒரே வளாகத்துக்குள் கொண்டுவந்தார்.

இங்கிலாந்தில் வெஸ்லியின் வகுப்புக் கூட்டம் பிறந்த விதம் வேடிக்கையானது. 1742இல் பிரிஸ்டல் ஜெபவீட்டின் கடனை அடைக்க வாரம் ஆளுக்கு ஒரு பென்னி என்று முடிவானது. ஏறத்தாழ பன்னிரண்டு பேருக்கு ஒரு தலைவர். அவர் வீடு வீடாகப் போய் வசூலிக்க வேண்டும். போனவர்கள் காசோடு செய்தியும் கொண்டுவந்தார்கள்: இந்த வீட்டில் குடி, அந்த வீட்டில் சண்டை. வசூல் ஏற்பாட்டை வெஸ்லி உடனே மேய்ப்புப் பணியாக மாற்றினார். வாரந்தோறும் கூடி, ஒவ்வொருவரும் தன் ஆத்தும நிலையைச் சொல்ல வேண்டும் என்றானது. தலைவர்களில் கைத்தொழில் செய்வோரும் பெண்களும் இருந்தார்கள். குருப்பட்டமோ கல்லூரிப் படிப்போ தேவைப்படவில்லை. பக்தியின் செயல்களும் இரக்கத்தின் செயல்களும் இரண்டுமே கிருபை வரும் வழிகள் என்பது வெஸ்லியின் போதனை. நோயாளியைப் பார்க்கப் போவது நோயாளிக்கு மட்டுமல்ல, போகிறவருக்கும் மருந்து.

தரங்கம்பாடி முதல் தோர்ணக்கல் வரை

ஹாலேயின் பிள்ளைகளாகத்தான் மிஷனரிகள் சீகன்பால்கும் புளூட்சோவும் 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் வந்திறங்கினார்கள். தமிழர்களை உபதேசியார்களாகப் பணியில் சேர்க்க அவர்கள் தயங்கவில்லை. குருப்பட்டம் என்று வந்தபோது மிஷன் தயங்கியது. முதல் தமிழ்ப் போதகர் ஆரோன் அபிஷேகம் பெற்றது 1733இல்; கப்பல் வந்து 27 ஆண்டு கழித்து. 1741இல் அடுத்தவரைத் தேர்ந்தெடுக்கும்போது தஞ்சைப் பகுதியில் துணிவோடு உழைத்துவந்த ராஜநாயக்கனின் பெயர் பேசப்பட்டது. தாழ்த்தப்பட்ட சாதியில் பிறந்தவர் கையால் நற்கருணை வாங்க மற்றவர்கள் மறுப்பார்கள் என்ற அச்சத்தில் அவர் ஒதுக்கப்பட்டார். பட்டம் தியோகுவுக்குப் போனது. இங்கே முதிர்ச்சி போதாதவர் யார்? நிச்சயமாக ராஜநாயக்கன் அல்ல. அவர் கையிலிருந்து அப்பம் வாங்கத் தயங்கிய சபையும், அந்தத் தயக்கத்துக்கு இடங்கொடுத்த மிஷனரிகளும்தான்.

அந்த முதிர்ச்சிக் குறைவு அடுத்த நூற்றாண்டிலும் தொடர்ந்தது. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் தமிழ்க் கிறிஸ்தவ இலக்கியத்தின் சிகரங்களில் ஒருவர். சுவார்ட்ஸ் ஐயரின் மாணவர், ‘பெத்லகேம் குறவஞ்சி’ பாடியவர். அவர் பாடல்களைப் பாடி உருகாத தமிழ்ச் சபை இல்லை. ஆனால் 1820களில் புதிய மிஷனரிகள் ஆலயத்திலும் நற்கருணையிலும் சாதி வேற்றுமையை நீக்க முற்பட்டபோது, சாதிமுறைக்காக வாதாடி எழுதியவரும் அவரே. மிஷனரிகள் அன்பில்லாமல் அவசரப்படுத்தினார்கள் என்ற அவரது மனக்குறையில் நியாயம் இருக்கலாம். இருந்தாலும் பக்தியின் ஆழமும் பந்தியின் சமத்துவமும் தாமாகவே சேர்ந்து வளர்வதில்லை என்பதற்கு அவர் வாழ்வு சான்று. 1833இல் பேராயர் டேனியல் வில்சன் சபையில் சாதியை உடனே கைவிட வேண்டும் என்று கட்டளை அனுப்பியபோது, தஞ்சையிலும் பிற இடங்களிலும் பலர் விலகிப்போனார்கள்.

1912இல் இரண்டு காரியங்கள் நடந்தன. வட சீனாவில் மிஷனரியாக இருந்து திரும்பிய ரோலண்ட் ஆலன், பவுலின் முறையையும் தம் காலத்து மிஷனரிகளின் முறையையும் ஒப்பிட்டு ஒரு நூல் வெளியிட்டார். பத்தாண்டுகளுக்குள் நான்கு மாகாணங்களில் சபைகளை நிறுவி, உள்ளூர் மூப்பர்களிடம் ஒப்படைத்துவிட்டுப் பவுல் நகர்ந்தார்; நாமோ தலைமுறை தலைமுறையாக இன்னும் பக்குவம் வரவில்லை என்று சொல்லிப் பொறுப்பைக் கையிலேயே வைத்திருக்கிறோம் என்பது அவர் குற்றச்சாட்டு. பக்குவமில்லை என்ற பேச்சு பல நேரம் பிடியை விட மனமில்லாததன் மறுபெயர் என்று அவர் கண்டுகொண்டார்.

அதே ஆண்டு டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில், வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயராக அபிஷேகம் பெற்றார். 1903இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் தோன்றக் காரணமானவர்களில் ஒருவர் அவர். தமிழ் விசுவாசிகளின் காணிக்கையால், தமிழ் ஊழியர்களைத் தெலுங்கு நாட்டின் தோர்ணக்கல்லுக்கு அனுப்பிய சங்கம் அது. பின்னர் அவரே அங்கு மிஷனரியாகப் போனார். 1910இல் எடின்பரோவில் சுமார் 1,200 பிரதிநிதிகள் கூடிய உலக மிஷனரி மாநாட்டில் அவர் பேசியது இன்றும் பேசப்படுகிறது. மிஷனரிகளின் தியாகத்தை அவர் குறைத்துப் பேசவில்லை. சொத்தையும் உடலையும் கொடுத்தவர்கள் நட்பை மட்டும் கொடுக்கவில்லை, அதைக் கொடுங்கள் என்றுதான் கேட்டார். கேட்டவர்களில் சிலருக்குக் கோபம் வந்தது. அந்தியோகியாவில் பவுல் சொன்னதை 35 வயது இந்தியர் ஒருவர் தங்களைப் பார்த்துச் சொன்னதுதான் காரணம்.

தோர்ணக்கல்லில் அசரியா முதிர்ச்சிக்காக யாரையும் காக்கவைக்கவில்லை. ஒடுக்கப்பட்ட மாலா, மாதிகா மக்கள் கூட்டங்கூட்டமாய்ச் சபையில் சேர்ந்த காலம் அது. ஞானஸ்நானம் பெற்றவர்களைத் தங்கள் தலைமேல் கைவைத்து, சுவிசேஷத்தை அறிவிக்காவிட்டால் தங்களுக்கு ஐயோ என்ற பவுலின் சொல்லைத் தங்கள் சொல்லாக அறிக்கையிட வைத்தார். எழுத்தறியாத கூலித்தொழிலாளி முதல் நாளிலேயே ஊழியக்காரர் ஆனார். கூடவே கிராம ஆசிரியர்களும் உபதேசியார்களும், ஊர் ஊராகப் போய்த் தங்கும் பேராயரும் என்று ஒரு கட்டமைப்பும் இருந்தது. நட்புக்கான கோரிக்கைக்குத் தமிழகத்திலேயே ஒரு பதில் 1921இல் வந்தது: தமிழ் மருத்துவர் ஏசுதாசனும் ஸ்காட்லாந்து மருத்துவர் ஃபாரஸ்டர் பேட்டனும் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கி, ஒரே கூரையின்கீழ் சமமாக வாழ்ந்து மருத்துவப் பணி செய்தார்கள்.

அளவுகோல் தேடியவர்கள்

முதிர்ச்சியை அளக்க முடியுமா என்ற கேள்வி இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆய்வாளர் கைக்கு வந்தது. ஜேம்ஸ் ஃபவுலர் 359 பேரை நேர்கண்டு, விசுவாச வளர்ச்சியை ஆறு படிகளாக 1981இல் வகுத்தார். குழுவின் நம்பிக்கையை அப்படியே ஏற்கும் மூன்றாம் படியிலேயே பெரியவர்கள் பலர் நின்றுவிடுகிறார்கள் என்பது போதகர்களை யோசிக்கவைத்தது. ஆனால் அவர் அளந்தது பெரும்பாலும் சிந்திக்கும் விதத்தை. அயலாரை நடத்தும் விதம் அந்த அளவையில் போதிய இடம் பெறவில்லை என்ற விமர்சனம் நியாயமானது.

இன்னொரு முயற்சி சிகாகோ அருகே உள்ள வில்லோ கிரீக் என்ற பெருஞ்சபையில் நடந்தது. கூட்டங்களிலும் குழுக்களிலும் ஊழியங்களிலும் ஆட்கள் எவ்வளவு அதிகம் பங்கெடுக்கிறார்களோ, அவ்வளவு வளர்வார்கள் என்ற நம்பிக்கையில் இயங்கிய சபை அது. 2007இல் அது வெளியிட்ட ஆய்வு, தேவன்மேலும் அயலார்மேலும் உள்ள அன்பின் வளர்ச்சியை வைத்துப் பார்த்தால் பங்கேற்பின் அளவு அதைக் காட்டுவதில்லை என்று ஒப்புக்கொண்டது. வேதத்தைத் தாமே வாசித்துத் தியானிப்பதுதான் மிக வலுவாகத் துணைசெய்கிறது என்று தொடர்ந்த ஆய்வுகள் கண்டன. ஊழியத்தில் போட்டால் வளருவான் என்ற வாதத்துக்கு இது ஒரு எச்சரிக்கை. கூட்டத்துக்குக் கூட்டம் ஓடும் வாலிபனும், எல்லாக் கமிட்டியிலும் இருக்கும் அம்மாவும் வளர்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ள முடியாது, களைத்துப்போகவும் கூடும்.

மேடை பெரிதானபோது

ஊழியத்தின் பலனே முதிர்ச்சிக்குச் சான்று என்ற நம்பிக்கையை அண்மைக்கால நிகழ்வுகள் இரண்டு உடைத்தன. அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களோடு ஒரே வீட்டில் வாழும் லார்ஷ் சமூகங்களை 1964இல் பிரான்சில் தொடங்கிய ஜான் வானியே, வாழும் புனிதர் என்று போற்றப்பட்டவர். அவர் இறந்த மறு ஆண்டு, 2020இல், லார்ஷ் அமைப்பே ஏற்பாடு செய்த விசாரணை, ஆன்மிக வழிகாட்டல் என்ற பெயரில் அவர் பெண்களைப் பாலியல் ரீதியாகச் சுரண்டியதை வெளிப்படுத்தியது. 2023 அறிக்கை பாதிக்கப்பட்டோர் குறைந்தது 25 பேர் என்றது. சென்னையில் பிறந்து உலகப் புகழ்பெற்ற பேச்சாளர் ரவி சகரியாஸ் விஷயத்திலும், அவர் மறைவுக்குப் பின் 2021இல் வந்த விசாரணை அறிக்கை பாலியல் அத்துமீறல்களை உறுதிசெய்தது. அவர் உயிரோடிருந்தபோது எழுந்த புகாரை அவரது அமைப்பு நம்ப மறுத்திருந்தது.

இவர்களுடைய பணியால் பயன்பெற்றவர்கள் பொய்யர்கள் அல்ல. அந்தப் பயன் உண்மை. அதனால்தான் பாடம் கசக்கிறது. தம் நாமத்தில் தீர்க்கதரிசனம் சொன்னவர்களையும் அற்புதம் செய்தவர்களையும் அறியேன் என்று ஆண்டவர் சொல்லும் மத்தேயு ஏழாம் அதிகாரம் இந்தச் சாத்தியத்தை முன்பே சொல்லிவைத்தது. பந்தியில் சமமாக உட்காருவதையே கொள்கையாக்கிய வானியேயும் விழுந்தார் என்பதால், பந்தி மட்டும் போதாது என்றும் ஆகிறது. கேள்வி கேட்க எவருக்கும் வழியில்லாத உயரத்தில் இருவரும் நின்றார்கள்.

திருத்தம் என்ற பெயரில் அடக்குமுறை வரலாமே என்றால், வந்தது. 1970களில் ஃபோர்ட் லாடர்டேலில் தோன்றிய மேய்ப்பர் இயக்கம், ஒவ்வொரு விசுவாசியும் ஒரு மேய்ப்பருக்குக் கணக்கு ஒப்புவிக்க வேண்டும் என்றது. வேலை, வீடு, திருமணம் வரை அதிகாரம் நீண்டது. தலைவர்களில் ஒருவரான பாப் மம்ஃபோர்ட் 1989இல் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். அங்கே திருத்தம் மேலிருந்து கீழே மட்டும் ஓடியது. பேதுருவைப் பவுல் கண்டித்ததும், அப்பொல்லோவுக்குத் தொழிலாளித் தம்பதி கற்பித்ததும், மிஷனரிகளிடம் அசரியா பேசியதும் அந்தத் திசையில் ஓடியவை அல்ல.

சபைகள் எடுத்துக்கொள்ளத்தக்கது

வரலாறு காத்திருப்பவர் கட்சியையும் அனுப்புகிறவர் கட்சியையும் முழுதாக ஆதரிக்கவில்லை. காக்கவைத்த இடங்களில் பலமுறை காக்கவைத்தவர்களின் குறையே வெளிப்பட்டது. உடனே ஈடுபடுத்திய இடங்களில், பின்தொடர்ந்து பார்க்க ஆளிருந்தபோது வளர்ச்சியும், ஆளில்லாதபோது சோர்வோ வீழ்ச்சியோ வந்தது. ஆகவே ஓய்வுநாள் பள்ளிக்கு அந்தத் தம்பியை அனுப்பலாமா என்ற கேள்விக்கு என் விடை: அனுப்பலாம், ஒரு மூத்த ஆசிரியரோடு சேர்த்து, மாதம் ஒருமுறை அவன் வகுப்பில் நடந்ததைப் பேச நேரம் ஒதுக்கி, அவன் தன் ஆத்துமாவுக்காக வாசிக்கவும் ஜெபிக்கவும் பொழுது மீதமிருக்கிறதா என்று விசாரித்து.

இதைவிடக் கடினமான கேள்வி மூத்தவர்களைப் பற்றியது. புதியவரைச் சோதிக்க நம் சபைகளில் வழி உண்டு; முப்பது ஆண்டு ஊழியம் செய்தவரைச் சோதிக்க வழி அரிது. பட்டம், பதவி, நிறுவனர் என்ற பெயர், குடும்பத்தார் கையிலேயே இருக்கும் நிர்வாகம் எல்லாம் சேர்ந்து அவரைச் சுற்றி மதில் எழுப்பிவிடுகின்றன. “அபிஷேகம் பண்ணப்பட்டவரைத் தொடாதே” என்ற ஒரு சொல்லில் கேட்கவந்தவர் வாய் அடைபடுகிறது. ஊழியத்தின் கணக்கைச் சபையார் பார்க்க முடியுமா? உதவி பெறுகிறவர்கள் அந்த உதவியைப் பற்றிக் குறைசொல்ல இடமுண்டா? போதகர் வீட்டுப் பந்தியில் சபையின் எல்லாச் சாதியினரும் உட்கார்ந்திருக்கிறார்களா? இந்தக் கேள்விகளுக்குக் கோபப்படாமல் விடை சொல்ல முடிகிறவரைத்தான் முதிர்ந்தவர் என்று சபை அழைக்க வேண்டும். விடை சொல்ல முடியாதவர் எத்தனை ஆண்டு உழைத்திருந்தாலும், எபிரெயர் நிருபம் சொல்லும் பால்குடிகளின் கூட்டத்தில்தான் இன்னும் இருக்கிறார்.